மரத்தில் எழுத்து வெட்டிய கைகள்

திருவிழா நாளில் தேர் நம் தெருவில் வரும்போது சுரூபத்தைக் கண்டு கைகூப்புகிறோம். தேரைச் சுற்றி ஓடும் திராட்சைக் கொடியையும் இலையையும் யார் செதுக்கினார் என்று கேட்பவர் குறைவு. தாளில் இருந்த கொடி மரத்துக்கு எவ்வாறு வந்தது என்று கேட்பவர் அதனினும் குறைவு. இக்கேள்வி நம்மைத் தமிழ் அச்சின் வரலாற்றுக்கே அழைத்துச் செல்கிறது.

படத்தை மரத்தில் இறக்குவதற்குப் பல வழிகள் உண்டு. கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளைப் பலகையில் பரப்பி, துணியில் முடிந்த கரித்தூளைத் தட்டினால் புள்ளிகள் மரத்தில் விழும். அப்புள்ளிகளை இணைத்தால் படம் கிடைக்கும். படம் வரைந்த தாளை மரத்தின் மேல் ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குவதும் உண்டு. பிற்காலத்தில் கார்பன் தாள் வந்து வேலையை எளிதாக்கிற்று. ஆயினும் உளி இறங்கிய இடத்தில் கோடு மறைந்துவிடும். ஆசாரி ஆழம் போகப் போக மீண்டும் மீண்டும் வரைந்துகொள்ள வேண்டும்.

அச்சுக்காக மரத்தில் எழுத்து வெட்டுவதோ இதனினும் கடினம். நேராக எழுதியதை நேராகவே வெட்டினால், அச்சில் இடம் வலமாக மாறிவிடும். ஆகவே மெல்லிய தாளில் எழுதி, எழுதிய பக்கம் மரத்தில் படும்படி ஒட்டுவார்கள். அப்போது எழுத்து புரண்டு தெரியும், அதன்படி வெட்டுவார்கள். ‘ப’ புரண்டாலும் ‘ப’தான், ‘ட’ அப்படியன்று. ஆம்பூர், வாணியம்பாடி காலணிக் கூடங்களில் உழைக்கும் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். இடக்கால் அப்பருக்கு வைத்த பேட்டர்னைப் புரட்டிப் போட்டால் வலக்காலுக்கு ஆகிறதல்லவா? அதே கணக்குதான் இதுவும்.

1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் அச்சாயிற்று. அதற்கு உலோகத்தில் வார்த்த எழுத்துகள் இருந்தன. நூறாண்டு கழித்து, 1679-இல், இன்றைய கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள அம்பலக்காட்டில் சேசு சபையார் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்றை அச்சிட்டனர். அதைத் தொகுத்தவர் மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த அந்தாம் தெ புரோயென்சா அடிகளார். அவர் 1666-இலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். தம் நூலை அச்சில் காணவில்லை. அந்நூலுக்கான தமிழ் எழுத்துகளை மரத்தில் வெட்டித் தந்தவர் இஞ்ஞாசி ஆச்சாமணி என்னும் மலபார் நாட்டவர்.

உலோகமாயின் ஒரே அச்சுவார்ப்பில் ஓர் எழுத்தை எத்தனை முறையும் வார்த்துக்கொள்ளலாம். மரத்தில் கையால் வெட்டும்போது, ஒரு பக்கத்தில் பத்து ‘ட’ வந்தால் பத்தையும் தனித்தனியே வெட்டியாக வேண்டும். பத்தும் ஒரே உயரம், ஒரே பருமன் இல்லையெனில் வரி கோணும். தமிழோ எழுத்து மிகுந்த மொழி. ஓர் அகராதிக்கு எத்தனை நாள், எத்தனை உளி தேவைப்பட்டிருக்கும் என எண்ணிப் பாருங்கள்!

ஆச்சாமணியின் பெயர் நமக்குத் தெரிவது, கார்மேல் சபைத் துறவி பவுலீனுஸ் 1794-இல் உரோமையில் வெளியிட்ட நூலில் அதைக் குறித்து வைத்ததால்தான். அகராதியோ வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. தனிநாயகம் அடிகளார் அதனை 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். அடிகளாரின் நூலும் ஆசாரியின் உழைப்பும் ஒன்றாகவே உயிர்பெற்றன.

ஆலயத்தைக் கட்டிய குருவின் பெயர் கல்வெட்டில் இருக்கும்; நன்கொடையாளர் பெயரும் இருக்கும். பீடத்தையும் தேரையும் செதுக்கியவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை. இனியேனும் பெரியவர்களிடம் கேட்டு, தெரிந்த பெயர்களைப் பங்கின் ஏட்டில் எழுதி வைப்போமாக! ஒரு பெயர் காலத்தில் நிலைக்க ஒரு வரி போதும் என்பதற்கு ஆச்சாமணியே சான்று.