பம்பாயில் கண்ட ரத்தப் பிரிவு

நம் சங்கத்தின் அவசர உதவிப் பட்டியலில் பெயர், கதவு எண், கைபேசி எண்ணுக்கு அடுத்து ‘ரத்தப் பிரிவு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாம் எழுதும் ஓரெழுத்துக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் ஓர் அத்தியாயம் நம் நாட்டுடையது.

ஒரு காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள், காரணம் தெரியவில்லை. வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் தம் ரத்தத்தையும் உடன் பணிபுரிந்தவர்களின் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். சில கலவைகளில் சிவப்பணுக்கள் கட்டியாகத் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. 1901-ல் மூன்று பிரிவுகளை அறிவித்தார். ‘ஏபி’ மறு ஆண்டு தெரிந்தது. 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வித்தியாசம் சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூறுகளில் இருக்கிறது. முதலில் ‘ஹெச்’ என்ற அடிப்படை அமைய வேண்டும். வங்கிக் கணக்கில் சொன்னால் அது ஆரம்ப இருப்பு. அதன்மேல் ஒரு வகைச் சர்க்கரை சேர்ந்தால் ‘ஏ’, வேறு வகை சேர்ந்தால் ‘பி’, இரண்டும் இருந்தால் ‘ஏபி’. எதுவும் சேராமல் ‘ஹெச்’ மட்டும் நின்றால் ‘ஓ’.

1952-ல் டாக்டர் ஒய். எம். பேண்டேயும் பம்பாயில் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் ஒரு புதுமையை ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். சிலருடைய ரத்தம் சோதனையில் ‘ஓ’ போலவே தெரிந்தது. ஆனால் ‘ஓ’ ரத்தத்தையும் எதிர்த்தது. அவர்களிடம் ஆரம்ப இருப்பான ‘ஹெச்’சே இல்லை! அதுதான் பம்பாய் ரத்தப் பிரிவு.

இந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று நாம் நம்பும் ‘ஓ’ ரத்தத்தை இவர்களுக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இதே பிரிவினரின் ரத்தம்தான் இவர்களுக்குச் சேரும். ஏ, பி சோதனை மட்டும் செய்தால் இது பிடிபடாது. ‘ஓ’ அணுக்களோடும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் குணம் இது. ஆகவே, ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது. அவசரத்துக்கு ரத்தம் தரக்கூடியவர் வீட்டிலேயே இருக்கலாம். உங்களில் யாருக்காவது இது உறுதியாகியிருந்தால், பட்டியலில் ‘ஓ’ என்று எழுதாமல் ‘பம்பாய்’ என்றே எழுதுங்கள்.