மடியும் அச்சமும்

கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து, தாய்ப்பசுவின் முன் நிறுத்திப் பால் கறப்பது நம் முன்னோர் கண்ட உபாயம். பசு அதை நக்கும், மடி சுரக்கும். ஏமாற்றுவேலைதான். ஆயினும் அங்கே ஏமாறுவது எது என்பதை விஞ்ஞானம் அறிய நெடுங்காலம் சென்றது.

1906 இல் ஹென்றி டேல், கபச்சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். அதே சாறு பாலையும் வெளியேற்றும் என்பது 1910 இல் தெரியவந்தது. ஒட்சிற்றோசின் எனப்படும் அந்த ஓமோனை 1953 இல் ஆய்வுகூடத்தில் ஆக்கிய டு வினியோ, 1955 இல் நோபல் பரிசு பெற்றார். அது உருவாவது மூளையின் அடியிலுள்ள ஐப்போதலமசில். கபச்சுரப்பி அதைச் சேமித்து இரத்தத்தில் விடுகிறது. ஈனும்போது மூளைக்குள்ளேயே வெளிவரும் இதே ஓமோன், குட்டியை ஏற்கத் தாயைத் தூண்டுவதைப் பின்னர் செம்மறியாடுகளில் கண்டனர்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1941 ஆம் ஆண்டுப் பரிசோதனை. ஈலி, பீற்றர்சன் என்னும் அமெரிக்கர் இருவர் பசுவின் முதுகில் பூனையை ஏற்றினர். அருகே கடதாசிப் பைகளை ஊதி வெடிக்கவைத்தனர். பால் சரிவர இறங்கவில்லை. அச்சத்தில் ஊறும் அதிரீனலின் வழியை மறித்திருந்தது.

கடதாசிப் பைக்கே இந்தக் கதி. 2009 சனவரியில் விசுவமடுவில் விழுந்தவையோ எறிகணைகள். பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் கிழக்கே நகர்ந்த சனங்களிற் பலர் கறவைகளையும் கன்றுகளையும் அவிழ்த்துவிட்டே போயினர். அவ்வருடம் ஏப்ரலில் பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாரின் உடலிலும் ஓடியவை இதே ஒட்சிற்றோசினும் அதிரீனலினுந்தான். அந்த வரிசைமீதும் எறிகணை விழுந்தது.