தோட்டத்துச் சுகாதாரமும் தொழிலாளி அறிய வேண்டிய உரிமையும்

வைத்தியத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டென்று கணக்கிட்ட திருவள்ளுவர் அவற்றுள் நோயாளியை முதலில் வைத்தார். வைத்தியனும் மருந்தும் உடனிருந்து கொடுப்போனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். இவ்வரிசை எமது மலைநாட்டுத் தோட்டங்களில் எவ்வாறு தலைகீழாயிற்று என்பதையும், இன்று எவ்வளவு தூரம் நிமிர்ந்துள்ளது என்பதையும் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த எம் முன்னோர் மன்னார்ப் பக்கத்திலே கரையிறங்கிக் காட்டு வழியாக மாத்தளையை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரை மாய்த்தன. தோட்டத்தை அடைந்தோரையும் நோய் விட்டுவைக்கவில்லை. இந்நிலையிலே 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகளுக்கு வைத்தியர்களையும் ஆஸ்பத்திரிகளையும் ஏற்படுத்துவது அதன் நோக்கமாகும். பின்னர் பல திருத்தங்கள் கண்டு, 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக அது விரிவுபெற்றது.

அச்சட்டம் தோட்டத்துரைக்குப் பல கடமைகளை விதித்தது. லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும். தோட்டத்தில் எவருக்கு நோய் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். கடும் நோயாயின் மாவட்ட வைத்தியரை அழைத்தல் வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு உணவும் உறைவிடமும் ஓய்வும் அளித்தல் வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் போஷணையைக் கவனித்தல் வேண்டும். இவை யாவும் நற்கடமைகளே. ஆயினும் சட்டம் பேசியது துரையோடு, அதுவும் ஆங்கிலத்திலே. தனக்கு என்ன உரித்து என்று நோயாளி அறிய வழியிருக்கவில்லை. விடியற்காலைப் பிரட்டிலே கங்காணி வாயிலாக வந்ததே அவனுக்கு எட்டிய செய்தி.

அக்காலத்துத் தகரத் துண்டை நமது பாட்டன்மார் சிலர் சொல்லக் கேட்டிருப்போம். எந்தத் தோட்டத்திற்குப் போகிறவர் என்பதைக் காட்டும் எண் அதிற் பொறிக்கப்பட்டிருந்தது. மண்டபம் முகாமிலே நோய்த் தடுப்புக்காகச் சில நாள் தங்கவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே ஆட்கள் கடல் கடந்தனர். அத்துண்டு பிறர் அவனை அறிய உதவியது. அவன் எதையும் அறிய உதவவில்லை.

முதன்முதலாகத் தொழிலாளியை நோக்கி நேரே பேச முயன்றது கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் எனலாம். அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் 1916ஆம் ஆண்டளவில் இலங்கைத் தோட்டங்களில் இப்பணியை ஆரம்பித்தது. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை புழுவாகி, வெறுங்காலைத் துளைத்து உடலுட் புகுந்து, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. கொழுந்து பறிப்போரை வாட்டிய சோகைக்கு இது ஒரு பெருங்காரணமாயிற்று. மருந்து கொடுத்ததோடு நில்லாமல், படங்கள் காட்டியும் பிரசங்கம் செய்தும் அவ்வியக்கத்தார் நோயின் காரணத்தை விளக்கினர். ஆனால் மருந்துக்கு இணங்கிய நிர்வாகங்கள் பல, மலசலகூடம் கட்டும் செலவுக்குத் தயங்கின. புழு நீங்கியவர் மீண்டும் அதே மண்ணை மிதித்தார், நோயும் மீண்டது. அறிவுரை மாத்திரம் கொடுத்து வசதியை மறுத்தால், பழி நோயாளியின் தலையிலேயே விழும் என்பது இதனாற் பெறப்படும் பாடமாகும்.

1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குப் புத்தி சொல்லும் முறை அங்கிருந்து கிராமங்களுக்குப் பரவியது. தோட்டங்களோ தனி இராச்சியங்களாகவே இருந்தன. அவற்றின் மருந்துச்சாலைகளில் 'டாக்டர் ஐயா' என்று அழைக்கப்பட்ட வைத்திய உதவியாளரும் மருத்துவிச்சியுமே பெரும் பாரத்தைச் சுமந்தனர். மழையிலும் பனியிலும் இராக்காலத்தில் லயம் லயமாக நடந்த அவர்களை நன்றியோடு நினைத்தல் நம் கடன்.

தமிழிலே உரிமையை எடுத்துச் சொன்னவர் வைத்தியத் துறைக்கு வெளியிலிருந்து வந்தார். அட்டனைத் தமது களமாகக் கொண்ட கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். அவர் பிரசுரங்களாலும், அவர் மனைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுக்களாலும் தொழிலாளரைத் தட்டியெழுப்பினர். 1939இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் இருப்பதை அறிந்த தாயே அதைக் கேட்க முடியும். அறியாதவளுக்கு அது ஏட்டுச் சுரைக்காயே.

சுதந்திரத்தின் பின்னர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றோராக்கியது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணம் நீங்கியபோதும் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் தோட்ட மருந்தையே நம்பியிருந்தனர். 1956இல் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரே பொதுச் சுகாதார சேவை மெல்ல மெல்ல மலையேறியது. 1980 முதல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுக்கப்பட்டது. நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப் பெண்களிடையே இச்சிகிச்சை மிகுந்திருந்ததை ஆய்வாளர் குறித்துள்ளனர். வறுமையில் வாடும் ஒருத்தி, மாற்று வழிகளைத் தன் மொழியிலே கேட்டறியாமல் இட்ட கைநாட்டைச் சம்மதம் என்று கூறலாமா? சிந்திக்க வேண்டிய விஷயம்.

1978இல் அல்மா ஆட்டாவிற் கூடிய உலக நாடுகள், தமது சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலே பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என்று பிரகடனம் செய்தன. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. இன்று சுகாதார வைத்திய அதிகாரிகளின் சேவை தோட்டங்களுக்கும் வருகின்றது. பல தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றுள்ளது. குழந்தையின் வளர்ச்சிப் பதிவேடு தாயின் கையிலேயே இருக்கின்றது. கதவு திறந்துவிட்டது. ஆயினும் தமிழ் அறிந்த உத்தியோகத்தர் போதாமையால் வாசலிலே நின்று தயங்குவோர் இன்னும் உளர்.

"நாங்கள் கேள்வி கேளாமலே மருந்து குடித்தோம், சுகமடைந்தோம்" என்று பெரியோர் கூறுவர். அது அக்காலத்து வைத்தியரிடம் அவர்கள் வைத்த நம்பிக்கைக்குச் சான்று. ஆனால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒரு நாள் மருந்தால் தீர்வன அல்ல. எந்த மாத்திரை, எத்தனை வேளை, எவ்வளவு காலம் என்பதை நோயாளி அறியாவிடின் வைத்தியரின் திறமையும் வீணே. விளக்கம் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அது வைத்தியருக்குச் செய்யும் உதவியாகும்.

வாலிப அன்பர்களே! பள்ளிக்கூடம் எமக்குத் தந்த இரண்டு மூன்று மொழிகள் உத்தியோகம் தேடுவதற்கு மாத்திரம் அல்ல. கிளினிக் நாளிலே ஒருவர் முதியோருடன் துணை செல்லலாம். மருந்துச் சீட்டை வாசித்து வேளையைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சுகாதார அறிவித்தல் தமிழில் இல்லையெனிற் சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் அனுப்பலாம். தகரத் துண்டு அணிந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தம் உடலைப் பற்றிய செய்தியைத் தாமே வாசிக்கும் நாள் வருதல் வேண்டும். அந்நாளை விரைவிற் கொணர்வது எம் கையிலேயே உள்ளது.