பனியில் உறைந்த கணக்குப் புத்தகங்கள்

வடதுருவப் பகுதியில் குளிரை அளப்பதே பெரிய காரியம். அளந்த கணக்கை அடுத்தவர் கையில் கொண்டு சேர்ப்பதோ அதைவிடப் பெரிய காரியமாக இருந்திருக்கிறது!

கார்ல் வெய்ப்ரெக்ட் என்பவர் ஆஸ்திரிய-ஹங்கேரிக் கடற்படை அதிகாரி. 1872-ல் இவர் வடக்கே சென்ற டெகெட்ஹாஃப் என்ற கப்பல் பனியில் சிக்கிக்கொண்டது. பனியோடு மிதந்து போனதில் ஃபிரான்ஸ் ஜோசப் லேண்ட் என்ற தீவுக்கூட்டம் கண்ணில் பட்டது. 1874-ல் ஊர் திரும்பியவரைக் கொண்டாடினார்கள். அவருக்கோ அதில் திருப்தியில்லை. புதிய நிலத்தில் கொடி நடுவதால் அறிவியலுக்குப் பெரிய லாபமில்லை. பல நாடுகள் பல இடங்களில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் அளந்தால்தான் பயன் என்று 1875-ல் கிராட்ஸ் நகரில் பேசினார். அதன்படி 1882-83-ல் முதலாவது சர்வதேசத் துருவ ஆண்டு நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1881-லேயே காசநோயால் இறந்துவிட்டார்.

இதற்காக அமெரிக்கா அனுப்பிய ஒரு குழுவின் கதை கொடுமையானது. அடால்ஃபஸ் கிரீலி தலைமையில் 25 பேர் 1881-ல் எல்ஸ்மியர் தீவில் இறங்கினார்கள். 1882-ல் உதவிக்கு வந்த கப்பல் பனியைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த ப்ரோடியஸ் பனியில் நசுங்கி மூழ்கியது. குழு படகுகளில் தெற்கே கிளம்பியது. அப்போதும் இரண்டு வருடக் கணக்குகளை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனமில்லை, கட்டி எடுத்துக்கொண்டார்கள். பிறகு பட்டினிக் குளிர்காலம். 1884 ஜூனில் மீட்கப்பட்டு, கடைசிவரை பிழைத்தவர்கள் ஆறே பேர். கணக்குகள் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தன.

அப்புறம் என்ன ஆனது? ஒவ்வொரு நாடும் தன் கணக்கைத் தனித்தனித் தொகுதிகளாக அச்சிட்டது. கிரீலியின் அறிக்கை 1888-ல் வந்தது. எல்லா நிலையங்களையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் வெய்ப்ரெக்டின் திட்டத்துக்கே உயிர். அந்த வேலையைத்தான் யாரும் செய்யவில்லை. தொகுதிகள் நூலக அலமாரிகளில் தூங்கின.

1957-58-ல் சர்வதேசப் புவியியற்பியல் ஆண்டு வந்தபோது இந்தப் பிழையைத் திருத்தப் பார்த்தார்கள். உலகத் தகவல் மையங்கள் அமைத்து, ஒன்றை அமெரிக்காவிலும் ஒன்றை சோவியத் நாட்டிலும் மற்றவற்றை வேறு நாடுகளிலும் வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது பனிப்போர்க் காலம்! 1958-ல் நாட்டிலஸ் நீர்மூழ்கி துருவத்தின் அடியில் சென்றது முதல், அமெரிக்க நீர்மூழ்கிகள் மேலே இருந்த பனியின் தடிமனை ஒலியலைகளால் அளந்து வந்தன. அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை கடற்படையின் ரகசியம். சோவியத் தரப்பிலும் மிதக்கும் பனி மீது முகாமிட்டு எடுத்த கணக்குகள் ஏராளம் இருந்தன. ஒருவர் கணக்கு மற்றவருக்குக் கிடைக்காது.

சோவியத் யூனியன் கலைந்த பிறகுதான் பூட்டு திறந்தது. அமெரிக்கத் துணை ஜனாதிபதி அல் கோரும் ரஷ்யப் பிரதமர் செர்னோமிர்தினும் தலைமை வகித்த குழுவின் கீழ், 1997-லும் 1998-லும் ஆர்க்டிக் கடலின் வெப்பம், உப்புத்தன்மை பற்றிய கூட்டு வரைபடத் தொகுப்பு வெளியானது. அதன் பின்னால் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள். ஆனாலும் கிடைத்தவை சராசரியாக்கிய எண்கள்தான். மூல எண்களைக் கொடுக்க இரு தரப்புக்கும் மனம் வரவில்லை.

நீர்மூழ்கிக் கணக்குகள் வெளிவந்ததன் பலன் 1999-ல் தெரிந்தது. ராத்ராக் என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் 1958-76 கால அளவுகளை 1990களின் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். கோடை முடிவில் நீருக்குள் அமிழ்ந்திருந்த பனியின் சராசரி ஆழம் 3.1 மீட்டரிலிருந்து 1.8 மீட்டராகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 40 சதவீதம்! செயற்கைக்கோள் பனியின் பரப்பை மேலிருந்து காட்டிவிடும். தடிமனின் பழைய கதையைச் சொல்ல இந்தப் பதிவுகளை விட்டால் வேறு வழி அதிகமில்லை.

கிரீலியின் கணக்குக்கும் ஒருநாள் வேளை வந்தது. முதல் துருவ ஆண்டின் தொகுதிகளைக் கணினியில் ஏற்றி, 2006-ல் கெவின் வுட், ஜேம்ஸ் ஓவர்லேண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் நிலையங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு குளிர் சற்றே கூடுதல். ஆனால் இடத்துக்கு இடம் பெரிதாக மாறும் ஆர்க்டிக்கின் சுபாவம் அன்றும் அப்படியே இருந்திருக்கிறது என்று கண்டார்கள். வெய்ப்ரெக்ட் கேட்டதைச் செய்து முடிக்க 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

2007-ல் தொடங்கிய துருவ ஆண்டுக்கு, எடுக்கும் தகவல்களைத் தாமதமின்றி இலவசமாக எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று விதியே எழுதினார்கள். ஆனால் அந்தத் தகவல்களைப் பராமரிக்கத் தனியாகப் பணம் ஒதுக்கிய நாடுகள் சிலவே.