பெரியாஸ்பத்திரியில் யாரைக் கேட்பது?

மனநோய்க்கு உதவி தேடும் திருச்சிக் குடும்பங்கள் பல முதலில் போய் நிற்கும் இடம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, ஊர்வாக்கில் பெரியாஸ்பத்திரி. மற்றது, காவிரியின் வடகரையில் உள்ள குணசீலம் பெருமாள் கோயில். அங்கே ஒரு மண்டலம் தங்கவைத்து வேண்டிக்கொள்வது காலகாலமான வழக்கம். மருத்துவரைக் கேட்கிறார்கள், சாமியைக் கேட்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் "கவுன்சலிங் உண்டா?" என்றும் கேட்கிறார்கள். மனநல சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

கவுன்சலிங் என்றதும் பலர் நினைப்பது மருத்துவ உளவியலாளரைத்தான். இவரையும் மனநல சமூகப் பணியாளரையும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஏறக்குறைய ஒரே தட்டில் வைக்கிறது. உளவியலாளர் உளவியலில் முதுகலை, சமூகப் பணியாளர் சமூகப் பணியில் முதுகலை. அதன்மேல் இருவருக்குமே இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்., மேற்பார்வையின் கீழ் நோயாளிகளோடு பழகிப் பெற்ற பயிற்சி. ஆகவே ஒருவர் உயர்ந்தவர், மற்றவர் அவருக்கு உதவியாள் என்ற எண்ணம் தவறு.

வேறுபாடு வேலையில் இருக்கிறது. உளவியலாளர் சோதனைகள் செய்து மதிப்பிடுவார். பயத்தையும் ஓயாத எண்ணச் சுழலையும் படிப்படியாகத் தளர்த்தும் சிகிச்சை தருவார். தேர்வு பயத்தில் தூக்கமிழந்த கல்லூரி மாணவனுக்கு முதலில் தேவைப்படுபவர் அவரே. ஆனால் மனச்சிதைவு நோயிலிருந்து தேறி, துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்பும் ஒரு இளைஞனை எண்ணிப்பாருங்கள். மாத்திரை வாங்கத் திருச்சி வந்தால் ஒருநாள் கூலி போகும். மூன்றாம் மாதம் மாத்திரை நின்றுவிடும். "சோம்பேறி, நடிக்கிறான்" என்பார் அண்ணன். மனைவி தாய்வீட்டில். பழைய முதலாளி திரும்பச் சேர்க்க மாட்டார். இதில் எதையும் சோதனைத் தாள் தீர்க்காது. அண்ணனை உட்காரவைத்து நோயை விளக்குவது, பக்கத்துத் தாலுகா மருத்துவமனையிலேயே மாத்திரை கிடைக்க வழிசெய்வது, முதலாளியிடம் பேசுவது, 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வழிகாட்டுவது எல்லாம் சமூகப் பணியாளரின் வேலை. நீண்டகால மனநோய் உள்ள வீட்டுக்கு இவரே முதல் தேவை என்பது என் உறுதியான கருத்து.

அப்படிப்பட்டவரைத்தான் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் உண்டு. கேட்டு வாங்கி இணையத்தில் சரிபார்க்கலாம். மனநல சமூகப் பணியாளர் அந்தப் பதிவேட்டின் பிரிவுகளில் வருவதில்லை. இதற்கு மாறாக, கலிஃபோர்னியாவில் சமூகப் பணியில் முதுகலை முடித்தவர் 3,000 மணி நேரம் மேற்பார்வையில் பணியாற்றித் தேர்வும் எழுதினால்தான் உரிமம். பெயரைத் தட்டினால் உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்பது திரையில் வரும். அங்கே குடியேறிய மகள் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவதை ஸ்ரீரங்கத்தில் அம்மா பார்ப்பது அவ்வளவு எளிதல்ல.

ஆனால் திருச்சிக்கு வேறொரு பலம் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-இல் நாட்டில் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முதல் நான்கு மாவட்டங்களில் இதுவும் ஒன்று. அந்தத் திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியரோடு சமூகப் பணியாளருக்கும் இடம் உண்டு, கட்டணம் கிடையாது. எனவே தனியார் விளம்பரங்களில் தேடுவதற்குமுன் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓ.பி.யில் கேளுங்கள். தாலுகா மருத்துவமனைகளுக்குக் குழு எந்த நாளில் வருகிறது என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம். நேரில் போகத் தயக்கமென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தனியாரிடம் போனால் படிப்பைக் கேட்கத் தயங்க வேண்டாம். பிஷப் ஹீபர் கல்லூரியிலும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்.டபிள்யூ. படித்து வரும் இளைஞர்கள் ஊருக்குப் பெரிய துணை. ஆனாலும் அந்தப் பட்டம் மட்டும் சட்டம் சொல்லும் தகுதி ஆகாது. "சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கில் இரண்டு வருட எம்.ஃபில். எங்கே முடித்தீர்கள்?" என்று கேளுங்கள். தகுதி உள்ளவர் கோபப்பட மாட்டார்.

மனநல சமூகப் பணியாளர்களைப் பதிவுசெய்து பட்டியல் வெளியிடும் பொறுப்பை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில மனநல ஆணையத்திடமே ஒப்படைத்திருக்கிறது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டமும் இவர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பெயர்கள் மாவட்டவாரியாக, தமிழில், ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட வேண்டும். திருச்சியிலிருந்தே அதைத் தொடங்குமாறு ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.