சிபி ரேடியோவும் என் ஸ்க்ரூடிரைவரும்

ஆன்சைட்ல இருந்தப்போ ஒரு கராஜ் சேல்ல பழைய சிபி ரேடியோ வாங்கினேன். கார்ல மாட்டினா எல்லார் பேச்சும் கேக்குது, நான் பேசுறது பக்கத்து லாரிக்குக்கூட போகலை. பொறியியல் படிச்ச திமிர்... பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த காயிலையெல்லாம் திருகிட்டேன்!

கொஞ்சம் சரித்திரம். அமெரிக்காவில் 1958-ல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் டீசல் எங்கே கிடைக்கும், போலீஸ் எங்கே நிக்குது என்று லாரிக்காரர்கள் பேசிக்கொண்டது இதில்தான். கூட்டம் தாங்காமல் 23 சேனல் 1977-ல் 40 ஆனது. 1983-லிருந்து லைசென்சும் வேண்டாம். ஆனால் ஏ.எம்.மில் அனுமதி வெறும் 4 வாட்தான்.

அந்த 4 வாட்டும் ஆண்டெனா வழியாத்தானே வெளியே போகணும்? இதற்குக் கால் அலைநீளமே சுமார் 9 அடி. காருக்காக அதைக் குட்டையாக்கி, அடியில் காயில் சுற்றிச் சமாளிக்கிறார்கள். மீதி வேலையைக் கார் உடம்பு செய்யணும். அங்கே தொடர்பு சரியில்லைன்னா சக்தி செட்டுக்கே திரும்பி, கடைசி டிரான்சிஸ்டரைச் சுட்டுடும். எவ்வளவு திரும்புதுன்னு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் சொல்லும். 2-க்குக் கீழே நல்லது. 3-ஐத் தாண்டினா பேசவே கூடாது.

எனக்கு 3-க்கு மேல! ஆண்டெனா பிராக்கெட்டுக்கு அடியில் பெயிண்ட். சுரண்டினேன், 1.5-க்கு இறங்கிடுச்சு. இப்போ நான் பேசுறது எல்லாருக்கும் கேக்குது.

அவங்க பேசுறதுதான் எனக்குச் சரியா கேக்கலை. நான் திருகின காயில் அப்படி.