தமிழ் எழுத்துருக்களை நிறுவுதல்

தமிழ் எழுத்துரு நிறுவல் என்பது, தமிழ் எழுத்துகளின் வடிவங்களைக் கொண்ட எழுத்துருக் கோப்பு ஒன்றைப் பதிவிறக்கி, கணினி அல்லது செல்லிடத் தொலைபேசியின் இயங்குதளத்தில் சேர்க்கும் செயற்பாடு ஆகும். 2000களின் தொடக்கத்தில் பல தமிழ் இணையத்தளங்களைப் படிப்பதற்கு அந்தந்தத் தளத்துக்குரிய எழுத்துருவை முதலில் நிறுவ வேண்டியிருந்தது. தற்போது பெரும்பாலான இயங்குதளங்கள் ஒருங்குறித் தமிழ் எழுத்துருவுடனேயே வருகின்றன. எனினும் அச்சுப் பணி, வடிவமைப்பு, பழைய ஆவணங்களைப் படித்தல் ஆகியவற்றுக்கு எழுத்துரு நிறுவல் இன்றும் தேவைப்படுகிறது.

எழுத்துருவும் குறிமுறையும்

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை வரையறுப்பது குறிமுறை. அவ்வெழுத்தைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துரு. ஒருங்குறியில் தமிழுக்கெனத் தனியான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆகவே ஒருங்குறியில் எழுதிய உரையை எந்த ஒருங்குறித் தமிழ் எழுத்துருவைக் கொண்டும் படிக்கலாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நிலை வேறு. இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துள்ளன. பாமினியில் "தமிழ்" எனத் தட்டெழுதினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இவ்வுரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். திஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த தாம், தாப் ஆகியன வேறு குறிமுறைகள். ஒன்றில் எழுதியதை மற்றொன்றின் எழுத்துருவால் படிக்க இயலாது.

நிறுவும் முறை

பதிவிறக்கப்படும் எழுத்துருக்கள் பொதுவாக ட்ரூடைப் அல்லது ஓப்பன்டைப் வடிவில் அமைந்திருக்கும். சுருக்கப்பட்ட கோப்பாயின் முதலில் விரித்தெடுக்க வேண்டும்.

விண்டோசு: எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்து, நிறுவும் பொத்தானை அழுத்த வேண்டும். லதா எழுத்துரு விண்டோசு 2000 உடனும், நிர்மலா விண்டோசு 8 உடனும் வெளிவந்தன. விண்டோசு 10இல் லதா, விஜயா ஆகியவை விருப்பக் கூறுகளாக மாற்றப்பட்டதால், தேவைப்படுவோர் அமைப்புகளின் வழியே அவற்றைச் சேர்க்க வேண்டும்.

மாக்: கோப்பைத் திறந்தால் ஃபான்ட் புக் என்னும் செயலி தோன்றும், அதன் வழியே நிறுவலாம். முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு மாக் இயங்குதளத்துடன் வருவதாகும்.

லினக்சு: லோகித் தமிழ் முதலிய எழுத்துருக்களைப் பொதி மேலாளர் வழியே பெறலாம். தனிக் கோப்பாயின் பயனரின் எழுத்துருக் கோப்புறையில் இட்டு, எஃப்சி-கேஷ் என்னும் கட்டளையை இயக்க வேண்டும்.

செல்லிடத் தொலைபேசி: ஆண்ட்ராய்டில் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக எழுத்துரு நிறுவும் வசதி இல்லை, சில நிறுவனங்களின் கருவிகள் மட்டும் எழுத்துருவை மாற்ற இடமளிக்கின்றன. ஐஓஎஸ் 13 (2019) முதல் எழுத்துரு வழங்கும் செயலிகள் மூலம் நிறுவலாம்.

நிறுவிய பின் எழும் சிக்கல்கள்

புதிய எழுத்துரு பட்டியலில் தோன்றாவிடின், திறந்திருக்கும் செயலியை மூடி மீண்டும் திறக்க வேண்டும்.

எழுத்துகள் தெரிந்தும் கொம்புகள் இடம் மாறியிருந்தால், குறை எழுத்துருவில் இருப்பதில்லை. "கெ" என்பதில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே நகர்த்திக் காட்டுவது இயங்குதளம் அல்லது செயலியின் பணி. விண்டோசு எக்சுபியில் இவ்வசதியை வட்டார அமைப்புகளில் தனியே இயக்க வேண்டியிருந்தது. பேச்மேக்கர் ஒருங்குறியை ஏற்காததும், பதிப்புத் துறையில் பழைய எழுத்துருக்கள் நீண்டகாலம் நிலைத்தமைக்கு ஒரு காரணமாகும்.

பிறருக்கு அனுப்பும் ஆவணத்தில், உரிமம் அனுமதித்தால், எழுத்துருவைப் பொதிந்து அனுப்பலாம். மைக்ரோசாப்ட் வேர்டு, லிப்ரெ ஓபிசு ஆகியவற்றில் இவ்வசதி உண்டு.

பழைய ஆவணங்களைக் காத்தல்

2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தகுதரமாக ஏற்றது. அதற்கு முன் பழைய குறிமுறைகளில் தட்டெழுதப்பட்ட நூல்களும் கட்டுரைகளும் உரிய எழுத்துரு நிறுவப்பட்டால் கண்ணுக்குத் தெரியும்; ஆயினும் ஒருங்குறித் தமிழ்ச் சொல்லை இட்டு அவற்றில் தேட இயலாது. எனவே குறிமாற்றிகளின் துணையுடன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவது நன்று.

மாற்றுமுன் ஆவணத்தில் உள்ள எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. பாமினியில் எழுதிய தமிழையும் உண்மையான ஆங்கிலத்தையும் கோப்பில் வேறுபடுத்திக் காட்டுவது அப்பெயர் மட்டுமே. வெற்று உரையாக நகலெடுத்தால் அப்பெயர் அழிந்துவிடும். குறிமாற்றியும் இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழெனக் கொண்டு சிதைத்துவிடும். ஆகவே மூலக் கோப்பையும் எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.